சந்தின் நடுவே ஒரு வன்னி

நான் கேட்டது வேப்பங்கன்று. என் வீட்டுக்காரரின் அண்ணன் பேமாராம் கொண்டுவந்தது வன்னி.

வேம்பு ஐந்தாறு வருஷத்தில் முற்றத்தையே மூடிவிடும். வன்னி நிழல் கொடுக்கப் பதினைந்து வருஷமாவது ஆகும். அவருக்கே எழுபது வயது. அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

குழியையும் முற்றத்தில் வெட்டவில்லை. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே, நான் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் அகலமான சந்தில், நட்டநடுவில் வெட்டினார்.

வன்னியைத் தெய்வமாகக் கும்பிடும் எங்கள் பிஷ்னோய் ஊரில் நட்ட கன்றைப் பிடுங்கியவன் தலைகாட்ட முடியாது. நாளைக்கு அந்த மரத்தைக் காட்டியே சந்து முழுவதும் தன்னுடையது என்பார். தம்பி செத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

கணவரின் அண்ணனோடு நேரில் பேசும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கட்டியிருந்த ஆட்டிடம் கேட்டேன்.

"ஏ ஆடே, நெழலு வேணும்னு கேட்டா முத்தத்துல நடுவாங்களா, போற வழியில நடுவாங்களா? நீயே சொல்லு."

பேமாராம் மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டே ஆட்டுக்குப் பதில் சொன்னார்.

"வேம்பும் வாங்கி வச்சிருக்கேன்னு அவகிட்ட சொல்லு. அதை இஷ்டப்பட்ட எடத்துல நட்டுக்கட்டும்."

எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. ஒன்று கேட்டால் இரண்டு கொடுக்கிற மனுஷன் சும்மாவா கொடுப்பார்?

அந்த நேரம் பார்த்து அவருடைய மூத்த மகன் மாங்கிலால் டிராக்டரில் கல் ஏற்றிக்கொண்டு சந்துக்குள் திரும்பினான். கன்றைப் பார்த்ததும் பிரேக் போட்டான். இறங்கி வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். முகம் சுருங்கிப்போயிற்று.

"என்ன பாபா இது? பட்டாவுல இந்தச் சந்து உங்க பேர்லதான இருக்கு? நம்ம எடத்துல நாமளே ரூம் கட்ட முடியாம பண்ணிட்டீங்களே!"

சந்து எங்களுடையது என்றுதான் என் வீட்டுக்காரர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. நின்ற இடத்திலேயே கூசிப்போனேன்.

பேமாராம் குடத்தைச் சாய்த்துக் கன்றுக்கு நிதானமாகத் தண்ணீர் ஊற்றினார்.

"நான் போனப்புறம் உன் சித்தி எந்த வழியாடா தண்ணிக்குப் போவா? பறந்தா?"