அண்ணி பேரில் ஒரு பாட்டில்

கப்பலை விட்டு இறங்கிய கூட்டம் சுங்கக் கூடத்தில் வளைந்து வளைந்து நிற்கிறது. உயரமான ஜன்னல்கள் வழியே இறங்கும் காலை வெயில், அண்ணி கையிலிருக்கும் விஸ்கி பாட்டிலுக்குள் புகுந்து அவர் புடவையில் தேன் நிறமாக ஆடுகிறது. ஆளுக்கு ஒரு பாட்டிலுக்குத்தான் வரி கிடையாது. கப்பல் கடையில் இரண்டு வாங்கிய அண்ணன், இரண்டாவதை அண்ணி பேரில் போட்டுவிட்டார். அண்ணி இதுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை. பொய்யும் அப்படித்தான். தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், தன் கண்ணால் பார்க்காத எந்த முடிவுக்கும் கையெழுத்துப் போடாதவர். அண்ணனுக்கு வியர்க்கிறது. பின்னால் நிற்கும் எனக்கும்தான்.

"இது யாருதும்மா?" என்கிறார் அதிகாரி. முத்திரை குத்தும் சத்தம் நிற்கிறது. அண்ணி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பில்லில் இருக்கும் தன் பெயரை நிதானமாகப் படிக்கிறார். பிறகு அண்ணனை ஒரு பார்வை.

"என்னுதுதான்." குரலில் ஒரு பிசிறு இல்லை.

"நீங்க குடிப்பீங்களா?"

"வாங்கினா குடிச்சே ஆகணும்னு சட்டமா சார்?"

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரையைக் குத்துகிறார். இப்படி ஒரு நிமிர்வை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

வாசலைத் தாண்டியதும் அண்ணன் உரிமையோடு கையை நீட்டுகிறார். "குடு, கனமா இருக்கும்."

அண்ணி பாட்டிலை மறு கைக்கு மாற்றிக்கொள்கிறார்.

"நான் சொன்னது பொய்யாயிடக் கூடாதுல்ல. இது என் பீரோலதான் இருக்கும்."