ஒரு சாண் வெளிச்சம்

ஆறு டார்ச்சுகளை மேசைமேல் வரிசையாக நிறுத்திவிட்டு, "கொல்லன் தெருவுல என்னை ஊசி விக்க வெச்சுட்டீங்களேண்ணே!" என்று சிரித்தார் கடைக்காரர்.

வயர்மேன் சிரிக்கவில்லை.

இருபத்தெட்டு வருஷமாக வயரும் சுவிட்சும் வாங்குகிற கடை. டார்ச் கேட்டு வந்தது இதுதான் முதல் தடவை. அவருடைய பையிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் அது முழங்கை நீளம். ஐசியூ வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். சட்டைப்பைக்குள் அடங்குவதாக ஒன்று வேண்டும். அதுவும் நான்கு மணிக்குள் வேண்டும்.

இரண்டு தெரு தள்ளி, ஆஸ்பத்திரியில், அவர் மனைவி மூன்று நாளாகக் கண் திறக்காமல் கிடக்கிறாள். நான்கு மணிக்குப் பெரிய டாக்டர் இன்னொரு தடவை பார்த்துவிட்டு முடிவைச் சொல்வதாக இருக்கிறார்.

ஸ்டூலிலிருந்து விழுந்தவள். எதற்காக ஏறினாள் என்று டாக்டரும் கேட்டார், மைத்துனரும் கேட்டார். இவர் வாயைத் திறக்கவில்லை.

"இதைப் பாருங்க. அடிச்சா அடுத்த தெரு வரைக்கும் போகும்."

"அவ்வளவு தூரம் வேணாம் தம்பி. ஒரு சாண் போனாப் போதும்."

சாணளவு தூரத்துக்கு எவனாவது டார்ச் தேடுவானா? கடைக்காரர் விநோதமாகப் பார்த்தார். ஆனாலும் வியாபாரி, அடுத்ததை எடுத்து நீட்டினார்.

முதல் டார்ச்சின் தலையைத் திருகினால்தான் எரிந்தது. அதற்கு இரண்டு கை வேண்டும். ஒதுக்கி வைத்தார். அடுத்தது ஒரு அழுத்துக்குச் சிமிட்டியது, இரண்டாவது அழுத்துக்கு மங்கியது, மூன்றாவதில்தான் நிலையாக நின்றது. அந்த நேரத்தில் யாரால் எண்ணிக்கொண்டிருக்க முடியும்? மூன்றாவதன் பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. நான்காவது நல்ல வெளிச்சம்தான், ஆனால் வட்டத்துக்கு நடுவே கருப்பாக ஒரு ஓட்டை.

ஐந்தாவது பேனா மாதிரி இருந்தது. பின்னால் ஒரே பொத்தான். கட்டைவிரல் பட்டதும் பளீரென்று எரிந்தது. உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார். விரல்களின் ஓரமெல்லாம் சிவந்தது. அணைத்தார், மறுபடி போட்டார், அணைத்தார்.

அப்போது அவருடைய இடது கை அந்தரத்தில் நின்றது. இல்லாத எதையோ கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தன.

"அந்தக் கையில என்னண்ணே பிடிக்கப் போறீங்க?"

"இமையை."

கடைக்காரரின் சிரிப்பு நின்றுபோனது.

வயர்மேன் மெல்லச் சொன்னார். காலையில் டாக்டர் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். வெளிச்சம் பட்டால் சுருங்க வேண்டிய கண்ணின் கருவட்டம் சுருங்கவில்லை, மூளை செத்திருக்கலாம் என்றார். மூச்சு, இருமல் என்று வேறு என்னென்னவோ பரிசோதனைகளையும் சொன்னார். அதெல்லாம் இவர் காதில் ஏறவில்லை. இவர் பார்த்தது அந்த டார்ச்சை மட்டும்தான். பேட்டரி தேய்ந்து மஞ்சளாக எரிந்தது.

தொழிலில் இவருக்கு ஒரு விதி உண்டு. டெஸ்டர் எரியவில்லை என்றதும் லைனில் கரண்ட் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. கரண்ட் இருக்கிற பாயிண்ட் ஒன்றில் வைத்து, முதலில் டெஸ்டரைச் சோதிக்க வேண்டும். டாக்டர் தன் டார்ச்சை யார் கண்ணிலும் சோதித்துப் பார்க்கவில்லை. காலையிலிருந்து இவரை நடக்கவும் பேசவும் வைத்தது அந்த ஒரு நினைப்புதான்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"என் கண்ணுல அடிச்சுப் பாருங்கண்ணே."

எடுத்த எடுப்பில் பேனா டார்ச்சை அடித்தால் கண் கூசும். இழுப்பறையில், கடைச் சாவிக் கொத்தோடு தொங்கிக்கொண்டிருந்த ஒரு விரலளவு டார்ச்சைக் கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார். எந்தக் காலத்துப் பேட்டரியோ! டீத்தண்ணி நிறத்தில் எரிந்தது. டாக்டருடையதைவிட மங்கல்.

வயர்மேன் இடது கையால் இமையைத் தூக்கினார். ஒரு சாண் தூரத்தில் பிடித்து அடித்தார்.

கருவட்டம் சட்டென்று சுருங்கிக் கடுகளவானது.

அணைத்தார். விரிந்தது. மறுபடி அடித்தார். மறுபடியும் சுருங்கியது. அடுத்த கண்ணிலும் பார்த்தார்.

"இந்த ஓட்டை டார்ச்சே வேலை செய்யுதேண்ணே! அப்ப பேனா டார்ச்சைப் பத்திக் கேக்கவே வேணாம்!" கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாகச் சொன்னார்.

வயர்மேன் சாவிக் கொத்தை மேசைமேல் வைத்தார். டாக்டருடைய டெஸ்டரில் கோளாறு இல்லை. வரிசையில் எரிந்துகொண்டிருந்த டார்ச்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது. நான்கு மணி வராமல் அந்த முள் அப்படியே நின்றுபோனால் தேவலை என்றிருந்தது.

"டார்ச் வேணாம் தம்பி. ஒம்பது வாட்ஸ் பல்பு ஒண்ணு குடுங்க."

கடைக்காரருக்குப் புரியவில்லை. பழக்கத்தில் பெட்டியைப் பிரித்து, பல்பை மேசையோரத்து ஹோல்டரில் மாட்டிக் காட்டினார். எரிந்தது.

"யார் வீட்டுக்குண்ணே?"

"என் வீட்டுக்குத்தான்." வயர்மேன் பல்பிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "கிச்சன் பல்பு போயிடுச்சு. பத்து நாளா மாத்தச் சொன்னா. நானும் நாளைக்கு, நாளைக்குன்னேன். அவளே ஸ்டூல் போட்டு ஏறிட்டா."