உப்பு பார்த்தவள்

கொதிக்கிற பானையிலிருந்து ஒரு கரண்டி சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி, ஆற வைத்து, தலைமைச் சமையல்காரர் அவளிடம் நீட்டினார்.

"உப்பு பாரும்மா."

நோன்பு மாதத்தின் கடைசி வாரம். அந்த மருத்துவமனைச் சமையலறையில் தினமும் இதே நேரத்துக்கு அந்தக் கிண்ணம் அவள் முகத்துக்கு நேரே வந்து நிற்கும்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது. விடிவதற்கு முன்னால் வாயைக் கட்டினால் பொழுது சாய்கிறவரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆறு அடுப்புகளின் வெக்கையில், முந்நூறு பேர் சாப்பாட்டுக்கு நடுவே நின்றுகொண்டு, நாக்கில் ஒரு துளி படவிட மாட்டார்.

முதல் நாள் அவள் கேட்டுவிட்டாள், "தண்ணிகூடவா கிடையாதுண்ணே?" என்று.

"தண்ணிதாம்மா கஷ்டம். பசி ஒரு மணி நேரத்துல மறந்துபோகும்" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து அவள் தன் டீயைப் பாத்திரம் கழுவுகிற பக்கம் எடுத்துப்போய்க் குடித்தாள். காய் நறுக்குகிறவர்கள் எதையாவது வாயில் போட்டு மென்றால் கண்ணாலேயே அதட்டினாள். அவர் அப்படியெல்லாம் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஒரு மாதம் எனக்குப் பதிலாக நீ உப்பு பார்.

சரி என்று தலையாட்டிவிட்டாள்.

அவளுக்கு ருசியே தெரியாது.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் அவளைப் படுக்கையில் போட்டது. எழுந்தபோது நாக்கு செத்துப்போயிருந்தது. உப்பை வைத்தாலும் சர்க்கரையை வைத்தாலும் வாயில் மண். யாரிடமும் மூச்சு விடவில்லை. ருசி தெரியாத ஆளைச் சமையலறையில் எவர் வைத்துக்கொள்வார்? வாடகை வீடு. கல்லூரியில் மகள்.

அதனால் தினமும் வாயில் வைப்பாள், சப்புக்கொட்டுவாள், யோசிக்கிறாற்போல் கூரையைப் பார்ப்பாள், "சரியா இருக்குண்ணே" என்பாள். முதல் வாரம் முழுக்கக் கழுவ வந்த தட்டுகளை எட்டி எட்டிப் பார்த்தாள். ஆனால் வார்டுகளிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. தட்டுகள் காலியாகத்தான் திரும்பின. ஏதோ நல்ல நேரம் என்று இருந்துவிட்டாள்.

இன்று கிண்ணத்தை வாங்கப் போனவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

உதடு வெடித்துப் பொருக்குத் தட்டியிருந்தது. நெற்றி வியர்வை மூக்கோரமாக இறங்கி மேலுதட்டுக்கு வந்தது. வாய்க்குள் போவதற்குள் சட்டைக் கையால் ஒற்றிக்கொண்டார். இரண்டடி தள்ளித்தான் குழாய். எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். ஒரு மடக்குக் குடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அவர் குழாய்ப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மிக உயரமான ஒன்றை அண்ணாந்து பார்க்கும்போது கால் தள்ளாடுமே, அப்படி இருந்தது.

அந்த வாய்க்கு முன்னால் இன்னொரு பொய் சொல்ல வரவில்லை.

"அண்ணே, எனக்கு ருசி தெரியாது. காய்ச்சல்ல போயிடுச்சு. இத்தனை நாளா உங்கள ஏமாத்திட்டிருக்கேன்."

கிண்ணத்தை மேடைமேல் வைத்துவிட்டு அவர் அடுப்பைத் தணித்தார்.

"தெரியும்மா. மொத நாளு பானையில உப்பு போடவே மறந்துட்டேன். எடுத்து வச்ச உப்பு அப்படியே கிடக்குது, நீ சரியா இருக்குன்னு சொல்ற. அப்புறம்தான் போட்டேன். மறுநாள்லேருந்து தண்ணி, உப்பு எல்லாமே அளந்துதான்."

அவள் மேடை ஓரத்திலிருந்த தராசைப் பார்த்தாள்.

மாதம் முழுக்க அவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வேலைக்கு வந்ததை அவளும்தான் கவனித்திருந்தாள். தூக்கம் வரவில்லை போலும் என்று நினைத்திருந்தாள். அந்த ஒரு மணி நேரமும் அவர் தண்ணீரை லிட்டர் கணக்கில் அளந்து ஊற்றி, மருந்துக்கடைக்காரர் மாதிரி உப்பைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். முப்பது வருடமாகக் கையால் அள்ளிப் போட்டுப் பழகியவர்.

"அப்புறம் எதுக்குண்ணே தினமும் என்கிட்ட நீட்டினீங்க?"

"வேற ஆளக் கூப்பிட்டா ஏன் மாத்தினேன்னு கேப்பாங்க. கேட்டா நான் பொய் சொல்ல முடியாதும்மா." பிறகு, நேற்று விட்ட பேச்சைத் தொடர்வதுபோல, "மூணாவது மாடியில காது மூக்கு டாக்டர் இருக்காரு. இன்னும் போய்க் காட்டாம என்ன பண்ற?" என்றார்.

அவள் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. உணவுப் பிரிவின் மேற்பார்வையாளர் அட்டையும் பேனாவுமாக உள்ளே வந்தார். தினமும் ஒரே கேள்வி. கேட்டுக் குறித்துக்கொண்டு போய்விடுவார்.

"உப்பு பாத்தாச்சா?"

தலைமைச் சமையல்காரர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. அவர் திணறி அவள் பார்த்ததே இல்லை.

அவள் சட்டென்று கிண்ணத்தை எடுத்து, மொத்தத்தையும் ஒரே மடக்கில் விழுங்கினாள்.

அவர் மூச்சு விட்டார்.

"இவங்க வாயில வச்சுப் பாத்தாச்சுங்க" என்றார்.

மேற்பார்வையாளர் குறித்துக்கொண்டு போனார்.

மாதம் முழுக்க அவர் சொன்ன பதில் இதுதான். உப்பு சரியாக இருப்பதாக அவள் சொன்னாள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.