வில்லன் சிரித்த சிரிப்பு

கற்பூரம் அணைத்துச் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

இயக்குநர் மாசிலாமணிக்கு இரண்டு படங்கள் ஊற்றிக்கொண்டன. பழைய ரோபோ படம் ஒன்றை மறுபடி எடுப்பதுதான் கடைசி வாய்ப்பு. ஆனால் வீட்டுக்கு வீடு ரோபோ தோசை வார்க்கும் காலத்தில் ரோபோ வில்லனுக்கு எவன் பயப்படுவான்? நிஜ ரோபோவையே நடிக்கவைத்தார். அதுவோ கதாநாயகனை அறைந்துவிட்டு, "வலிக்குதா சார்?" என்றது. செத்து விழும் காட்சியிலும் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மேக்கப்மேன் தணிகாசலம் ரோபோவை எழுப்பினார். "சாவுற சீன்ல நடிச்சவன் கேமராவப் பாத்து ஒரு தடவ சிரிச்சிரணும் தம்பி. சினிமா சாங்கியம்."

ரோபோ சிரித்தது. லைட்பாய் முதல் தயாரிப்பாளர் வரை தெருவுக்கு ஓடினார்கள்.

"இந்தச் சிரிப்ப அப்படியே படத்துல வச்சிரலாம்ணே!" என்று தயாரிப்பாளரிடம் கத்திக்கொண்டே மாசிலாமணியும் ஓடினார். படம் பிய்த்துக்கொண்டு போனது.

படப்பிடிப்பு முடிந்த மறுவாரம்தான் அந்த ரோபோவுக்குப் பேட்டரியே வந்து சேர்ந்தது.