ஒன்றாம் நம்பர் டப்பா

பரிவட்டம் முதலில் ஜக்கையன் தலையில் ஏறியது. அதற்குப் பிறகுதான் கோட்டைச்சாமியின் தலைக்கு வந்தது.

"நிறுத்துப்பா" என்றார் கோட்டைச்சாமி. சுவரில் கட்டியிருந்த வேட்டியில் ஓடிக்கொண்டிருந்த படம் நின்றது. பட்டப்பகலில் கதவுகளைச் சாத்தியிருந்ததால், கிட்டங்கிக்குள் அடுக்கியிருந்த ஏலக்காய் மூட்டைகளின் நெடி மூச்சை முட்டியது.

படம் எடுத்தவன் தானியேல், போடிக் கடைத்தெருவில் துணி விற்கும் சௌந்தரபாண்டியனின் மகன். மதராசில் சினிமாத் தொழில் படிக்கிறான். பரீட்சைக்கு ஒரு படம் எடுத்துக் காட்ட வேண்டுமாம். அதற்காகக் கால்சட்டையும் தகரத் தகடுகளுமாகக் குரங்கணி மலைக்கோவில் திருவிழாவுக்கு வந்து, இரண்டு நாள் வெயிலைத் துரத்திக்கொண்டு திரிந்தான்.

அந்தக் கோவிலில் ஐந்து தலைமுறையாக முதல் பரிவட்டம் கோட்டைச்சாமி வீட்டுக்குத்தான். இந்த வருடம் தனக்குத்தான் முதலில் கட்டினார்கள் என்று பங்காளி ஜக்கையன் கிளப்பிவிட்டார். கோவில் வாசல் ஓர் ஆள் நுழையும் அகலம். வெளியே நின்ற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. பூசாரிக்கோ கண்ணில் புரை. தலையைத் தடவிக் கட்டினேன், முகத்தை எங்கே கண்டேன் என்றுவிட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் கூடி, படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதாக ஏற்பாடு. படத்தில் யார் முதலோ, இனி என்றைக்கும் அந்த வீடுதான் முதல். அதற்கு முன்பே தனியாகப் போட்டுப் பார்க்கத்தான் கோட்டைச்சாமி தானியேலைத் தன் கிட்டங்கிக்கு வரவழைத்திருந்தார்.

"யாருக்கு மொதல்ல கட்டுனாகன்னு நீ பாத்தியா?" என்று அவனைக் கேட்டார்.

"இல்லீங்கய்யா. உள்ள ஒரே இருட்டு. தகரத்துல வெயில வாங்கி உள்ள அடிக்கிறதுக்கே சோலி சரியாப் போச்சு. வெளிச்சத்தப் பாத்தேன், ஆளப் பாக்கல. சுருள் வச்ச டப்பா நம்பரப் பாத்துத்தான் ஒட்டுனேன். ஒன்னுல அவுக, ரெண்டுல நீங்க."

"நம்பர் எழுதுனது யாரு?"

கூடப் படிக்கும் ஒருவன் எழுதினான், அதுவும் மலையிறங்கும்போது ஜீப்பில் வைத்து எழுதினான் என்று தானியேல் ஒப்புக்கொண்டான். கோட்டைச்சாமி மீசையைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"ஒன்னு ரெண்டு எழுதத் தெரியாத பயலுகளுக்கு மதராசுல படிப்பு. ஒங்கப்பன்கிட்ட முழம் போடவாவது கத்திருக்கலாம்."

தானியேலின் முகம் சுண்டிப்போனது. கூட்டாளி மேல் அவனுக்கே இப்போது நம்பிக்கை இல்லை. பிளேடால் சுருளை நறுக்கினான், ஓரத்தைச் சுரண்டினான், பசை தடவி முன்னதைப் பின்னதாக ஒட்டினான். மறுபடி ஓட்டியபோது பரிவட்டம் கோட்டைச்சாமி தலையில் முதலில் ஏறியது.

"அதென்ன, நான் வார எடத்துல ஓரமா வெள்ளையாத் தெரியுது?"

தகரத்து வெளிச்சம் சிதறியிருக்கும், என் பிழைதான் என்றான் அவன். ஒரு சாண் நீளம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் சொல்லிப் பார்த்தான்.

"வெளிச்சம் அடிக்கவும் தெரியல. அதையும் நறுக்கு."

நறுக்கினான். டப்பாக்களின் நம்பரையும் அவர் கண் முன்னாலேயே அழித்து மாற்றி எழுதினான். தன்னால் ஒரு பெரிய வீட்டின் மானம் போகவிருந்ததே என்று கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான். அவர் வாசலைக் காட்டினார்.

அவன் போன பிறகு, அவர் மனைவி ராமுத்தாய் கிட்டங்கியைக் கூட்ட வந்தாள். தரையில் கிடந்த, அவன் நறுக்கிப்போட்ட படத்துண்டை எடுத்துக் கதவைத் திறந்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏங்க, இது வெளிச்சமில்ல. ஒங்களுக்கு முன்னாடியே யாரோ பரிவட்டம் கட்டிக்கிட்டு ஓரமா நிக்கிற மாதிரில்ல இருக்கு?"

கோட்டைச்சாமி அந்தத் துண்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

"பய மொதல்ல ஒட்டுனதுதான் சரி."