சிசிலியில் ஜெயித்த கார்

“நீங்களே உட்கார்ந்து பாத்துச் சொல்லுங்க ஐயா. இது நீங்க ஓட்டின அதே கார்தானா?”

டைல்ஸ் தொழிற்சாலை முதலாளி கவாட்சூட்டி போர்வையை விலக்கினார். இடுப்பளவு உயரம்கூட இல்லாத சிவப்பு ஸ்காலியா பந்தயக் கார். ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னாலேயே இன்ஜின். இந்த ரகத்தில் ஒரு கார்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் சிசிலி மலைப் பந்தயத்தில் முதலாவதாக வந்தது. மறு வருடம் கொட்டும் மழையில் இன்னொரு பந்தயத்தையும் வென்றது. இரண்டிலும் ஓட்டியவர், இப்போது எதிரே நிற்கும் இந்த லேயார்கோ. இன்று அவரால் கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது.

“கார்ல பொறிச்சிருந்த நம்பர் தேஞ்சு போச்சு. நிபுணருங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க சொல்றதுதான் முடிவு.”

“அதேதான்னா என்ன செய்வீங்க?”

“கண்ணாடிக் கூண்டு தயாரா இருக்கு. பெட்ரோலை வடிச்சிட்டு உள்ளே நிறுத்திடுவேன். தூசிகூட அண்டாது.”

“இல்லைன்னா?”

“நகலை வெச்சு நான் என்ன பண்ண? இவளே எடுத்துக்கட்டும்.” மகளைக் காட்டினார். “ஞாயித்துக்கிழமை மலைப் பந்தயத்துல ஓட்டணுமாம். உயிரை எடுக்கறா.”

“இன்ஜினைப் பிரிச்சு மாட்டினதே நான்தான்பா” என்றாள் ஃபுல்வியா. நகமெல்லாம் கிரீஸ்.

லேயார்கோ காருக்குள் இறங்க, மனைவி நீவெஸ் தோள் கொடுத்தாள். “இந்தத் தொப்பை உள்ளே போகுமா?”

“பேசாம இரு. உன் சத்தத்தை அமுக்கின ஒரே சத்தம் இந்த இன்ஜின்தான்.”

முடுக்கினார். கொட்டகையே அதிர்ந்தது. அங்கங்கே தடவிப் பார்த்தார். அணைத்த பிறகும் இறங்க மனமில்லாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

“இது இல்லை” என்றார் கடைசியில். “யாரோ நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. ஆனா என் கார் இல்லை.”

கவாட்சூட்டியின் முகம் தொங்கிவிட்டது. சாவியை மகளிடம் வீசிவிட்டு உள்ளே போய்விட்டார். ஃபுல்வியா கிழவரின் இரு கன்னங்களிலும் முத்தமிட்டாள். சற்று நேரத்தில் ஸ்காலியா அலறிக்கொண்டு குன்றுச் சாலையில் ஏறி மறைந்தது.

பேருந்து நிறுத்தத்தில் நீவெஸ் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். “எவ்வளவு ஆசையா வந்தே! உன் கார் இல்லைன்னு ஆயிடுச்சே.”

லேயார்கோ குன்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கல்யாணத்துக்கு முந்தி, சீட்டுக்கு அடியில ஆணியால உன் பேரைக் கீறி வெச்சேன் நீவெஸ். அப்படியே இருக்கு.”