தாண்டிப்போகும் வரிகள்

திரையில் பதினொரு பெயர்கள் இருந்தன. கண்ணை மூடித் திறப்பதற்குள் பத்து ஆகிவிட்டது.

போனது அவள் கணவனின் பெயர்.

"பேரு போயிடுச்சுன்னா வார்டுக்கு மாத்திட்டாங்கன்னு அர்த்தம். எழுந்திரும்மா, போய்ப் பாரு," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே காலையிலிருந்து உட்கார்ந்திருந்ததில், அந்தக் கூடத்தின் நடைமுறை அவருக்கு அத்துப்படி. அவருடைய அக்கா உள்ளே இருந்தார். அக்காவின் செருப்பு அவர் மடியில் ஒரு துணிப்பையில் இருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை.

அந்தத் திரையில் ஓடும் பக்கத்துக்கான கம்ப்யூட்டர் நிரலைப் போன வருடம் எழுதியதே அவள்தான். பெரிய வித்தை ஒன்றுமில்லை. நோயாளிகளின் பட்டியலில் ஒவ்வொருவராக எடுத்து, ஆளுக்கு ஒரு வரி போட்டுக்கொண்டே போகும் லூப். நிரலில் மொத்தமே ஏழு வரிதான். பட்டியல் காலியாக இருந்தால் 'இன்று யாரும் இல்லை' என்று காட்டும்.

அவர் அவளுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து நீட்டினார். அவள் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

கதவு திறந்தது. நர்ஸ் அவளைக் கூப்பிட்டு மூன்றாம் மாடிக்குப் போகச் சொன்னார். கணவன் கண் விழித்துவிட்டானாம். மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்கிறானாம்.

அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. கைப்பையைக் குடைந்து கண்ணாடியை எடுத்தாள். நிமிர்ந்தபோது திரையில் ஒன்பது பெயர்கள்.

"எங்கக்கா பேரும் போயிடுச்சு! வா, சேர்ந்தே போயிடலாம்." அவர் துள்ளி எழுந்தார்.

லிஃப்ட் வருவதற்குள் அவர் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். மறுமுனையில் யாரோ சந்தோஷத்தில் கத்தியது அவளுக்கும் கேட்டது. அவர் போனை அவள் பக்கம் நீட்டிச் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள்.

வார்டுக்கு மாறியவர்கள் மட்டுமல்ல, இன்னொரு வகையினரையும் தாண்டிப்போகும்படிதான் அந்த லூப்பை அவள் எழுதியிருந்தாள். இறந்துபோனவர்களின் வரியில் என்ன போடுவது என்று அவள் கேட்டபோது, வரியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் மருத்துவமனை நிர்வாகி.

நல்ல யோசனை என்றுதான் அவளுக்கும் அன்றைக்குத் தோன்றியது.